ஊர்ப் பையனுக்கு ஒரு நினைவு நடை: எவ்வளவு தூரம், எந்த வழி, யார் முன்னால்?

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பேர் வாங்கிய ஊர் இல்லை. இருந்தாலும் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள்.

என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் போன வருஷம் பனிமலைப் பணியில் இருக்கும்போது பனிச்சரிவில் போய்விட்டான். மெட்ராஸ் ரெஜிமென்ட், நாயக் பதவி. பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டதால் இங்கே 'அவன்' என்றே குறிப்பிடுகிறேன்.

அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள். நினைவு நடை ஒன்று நடத்தலாம் என்று பசங்க எல்லோரும் சேர்ந்து பேசினோம். பேசத் தொடங்கியதும் இரண்டு கட்சியாகிவிட்டது. டவுன் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி ஊர் வரை 11 கிலோமீட்டர், பேண்டு வாத்தியம், சிறப்பு விருந்தினர், வழியெல்லாம் ஃபிளெக்ஸ் என்கிறது ஒரு கட்சி. ஊருக்குள்ளேயே அமைதியாக நடந்தால் போதும் என்கிறது இன்னொன்று. நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதுபோல நடத்திய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

பாலாற்று மணல்

பெரிசாகவே செய்யுங்க தலைவா. சினிமாக்காரன் வந்தால் பத்தாயிரம் பேர் கூடுகிறோம், நாட்டுக்காக உயிரை விட்டவனுக்கு 11 கிலோமீட்டர் நடக்க மாட்டோமா? எல்லோருக்கும் அவன் படம் போட்ட வெள்ளை டீ-ஷர்ட் அடிக்கலாம். நூறு அடி நீளத்துக்குத் தேசியக்கொடித் துணி தைத்து ஆளுக்கு ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு வரலாம். ட்ரோன் வைத்துப் படம் எடுத்தால் பார்க்கவே சிலிர்க்கும். ஏற்பாடு செய்ய நானும் வருகிறேன்.

---

ஓய்வு சுபேதார்

தம்பிகளுக்கு வணக்கம். 28 வருஷம் சர்வீஸ். மணல் தம்பிக்கு இருக்கும் வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சில விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை வேண்டாம்.

கொடி: 2002இல் வந்த கொடி விதித்தொகுப்பு இருக்கிறது. கொடி மேல் எதையும் எழுதக் கூடாது. அதனால் கொடியின் வெள்ளைப் பட்டையில் பையன் பெயரை அச்சடிக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கொடி கூடவே கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் நூறு கொடி கொடுப்பீர்கள், சாயந்திரம் பார்த்தால் அதில் ஐம்பது சாக்கடை ஓரம் கிடக்கும். எத்தனை ஊரில் அதைக் குனிந்து பொறுக்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு கொடி போதும். நல்ல துணி, சரியான அளவு, அதைத் தூக்க ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர்.

நூறு அடித் துணியை நான்கு பேர் கவனமாகப் பிடிப்பார்கள். ஐந்தாமவர் செல்ஃபி எடுக்கக் கையை விடுவார், ஒரு முனை தரையில் இழுபடும். மேலே பறக்கிற ட்ரோனுக்கு அது தெரியாது, ஓரமாக நிற்கிற எங்களுக்குத் தெரியும்.

வணக்கம் வைப்பது: சீருடையில் இல்லாதவர்கள் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. நேராக நின்றாலே போதும்.

அனுமதி: எந்தச் சாலையாக இருந்தாலும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், புறப்படும் இடம், முடியும் இடம், உத்தேசமாக எத்தனை பேர், பொறுப்பாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் அவ்வப்போது காவல் சட்டம் 30(2) போட்டு வைப்பார்கள், அந்தச் சமயம் அனுமதி இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து போனாலும் சிக்கல்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து ஊர்களில் இருக்கிற நம்ம ஆட்களுக்குத் தகவல் போகும்.

---

திருச்சிக்காரி

சுபேதார் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் மேஜர் சரவணன் நினைவிடம் இருக்கிறது, கண்டோன்மென்ட் பகுதியில். கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று இறந்தவர். பிஹார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன், வயது 26. சண்டை நடந்த இடத்திலிருந்து உடலை எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு வீர சக்கரம் கொடுத்தார்கள்.

நான் என்சிசியில் இருந்தபோது மலர் வளையம் வைக்கப் போன கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறேன். கூட்டம் பெரிதில்லை. முன்னாள் வீரர்கள் சிலர், எங்களைப் போலப் பிள்ளைகள், போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிற இரண்டு மூன்று பேர். நாங்கள் பாதிப் பேர் அவர் இறந்தபோது பிறக்கவே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் யாரோ வருகிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன் ஏரிக்கரையான். முதல் வருஷம் 11 கிலோமீட்டர், பேண்டு, ட்ரோன் என்று செய்துவிடுவீர்கள். ஐந்தாவது வருஷம் யார் செய்வார்கள்? பசங்களில் பாதிப் பேர் அப்போது ஓசூரிலும் துபாயிலும் இருப்பார்கள். இருபதாவது வருஷமும் ஊரில் மிச்சம் இருப்பவர்களால் செய்ய முடிகிற அளவுக்கு ஒன்றைத் தொடங்குங்கள்.

---

கேள்விக்குறி

கோபப்படாமல் படியுங்கள். பனிச்சரிவில் போனதை 'வீரமரணம்' என்று சொல்லலாமா? சண்டையில் போகவில்லையே. அப்புறம், மலக்குழியில் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவனும் நமக்காகத்தான் சாகிறான். அவனுக்கு எந்த ஊரில் நினைவு நடை நடந்தது?

---

பாலாற்று மணல்

வந்துட்டாரு. ஒரு நல்ல காரியம் பேசவிடாம

*[மீதி வரிகள் நீக்கப்பட்டன. ஆளைத் திட்ட வேண்டாம், கருத்துக்குப் பதில் சொல்லுங்கள். – மட்டுறுத்துநர்]*

---

ஓய்வு சுபேதார்

கேள்விக்குறி தம்பி கேட்டது தப்பில்லை, பதில் சொல்கிறேன்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் நிலை, 19,600 அடி உயரம். பனிச்சுவர் இடிந்து விழுந்ததில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் தோண்டியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாடு. அதில் ஒருவர் நம்ம வேலூர் மாவட்டம்.

அங்கே 2003 நவம்பரிலிருந்து துப்பாக்கிச் சண்டை நின்றிருக்கிறது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, சியாச்சினில் குண்டுக்குப் போனவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் போனவர்களே அதிகம். பனி அவர்களைத் தேடி வந்து கொல்லவில்லை. 'அங்கே நில்' என்று நாம் நிறுத்தினோம், நின்றார்கள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

'தியாகி' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணுவக் காகிதத்தில் அந்தச் சொல் கிடையாது, 'பேட்டில் கேஷுவல்டி' என்றுதான் எழுதுவார்கள். எங்களுக்குள் பேசும்போது 'நம்ம பையன் போயிட்டான்' என்போம். எந்தச் சொல்லைப் போடுவது என்று ஊர் முடிவு செய்துகொள்ளட்டும், அதற்காக நடை நிற்க வேண்டாம்.

மலக்குழி விஷயம் உண்மை. 2013இல் சட்டம் வந்த பிறகும் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு நடை நடத்தினால் சொல்லுங்கள், மெடல் குத்திக்கொண்டு வருகிறேன்.

---

கேள்விக்குறி

ஐயா, கடைசி வரிக்கு நன்றி. உண்மையாகவே தனிமடல் அனுப்புகிறேன்.

---

கல்வெட்டுக் கிறுக்கன்

பேச்சு கொஞ்சம் பின்னோக்கிப் போகட்டும். உங்கள் வடாற்காடு, செங்கம், தருமபுரிப் பகுதிகளில்தான் நடுகற்கள் குவிந்து கிடக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நடும் வழக்கம். தொல்காப்பியம் அதை ஆறு படியாகச் சொல்கிறது: கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இதில் முதல் மூன்று படியில் ஊரே நடந்திருக்கும். கல் இருக்கும் இடம் வரை போய், சுமந்துகொண்டு, நீர்த்துறைக்கு வந்து. நினைவு நடை நமக்குப் புதிய சரக்கு இல்லை என்று சொல்ல வந்தேன்.

நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் கல்லில் என்ன எழுதினார்கள் என்பது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல்லைப் பாருங்கள். கூடலூர் ஆநிரைக் கவர்தலில் இறந்த இன்ன ஊர் அந்தவனின் கல், அவ்வளவுதான். புகழ்ச்சியே இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது. ராஜாக்களின் அடைமொழியெல்லாம் நமக்கு மறந்துபோனது, அந்த நாயின் பெயர் தெரிகிறது.

அதனால் நடை தொடங்குமுன் யாராவது ஒருவர் ஐந்தே வரி வாசிக்கட்டும். பெயர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் படை, எந்த இடம், எந்த நாள், எப்படி இறந்தான். 'பாரதத் தாயின் தவப்புதல்வன்' மாதிரி வார்த்தைகள் வேண்டாம்.

(கல் நடும் யோசனை இருந்தால் சாலையோரம் வேண்டாம். பொதுச் சாலையில் சிலை வைக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்தில் வையுங்கள்.)

---

ஸ்கார்பரோவிலிருந்து

நான் இருக்கிறது கனடாவில, டொரொண்டோ பக்கம். ஒரு விஷயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன், பிழை எண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஆப்கானிஸ்தானில் 158 கனடியப் படையினர் இறந்தார்கள். உடல்கள் ட்ரென்டன் விமானத்தளத்தில் இறங்கும். அங்கிருந்து 401 நெடுஞ்சாலை வழியாக டொரொண்டோவுக்கு, கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் வண்டியில் கொண்டுவருவார்கள். யாரும் கூப்பிடவில்லை, அரசாங்கம் அறிவிக்கவும் இல்லை. சனம் தாங்களாகவே மேம்பாலங்களில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். தீயணைப்பு வண்டியை ஏற்றி நிறுத்துவார்கள், கொடி பிடிப்பார்கள், வண்டி கடந்துபோனதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2007இல்தான் அரசு அந்தத் துண்டுக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' எண்டு பேர் வைத்தது. சனம் நின்றது முதலில், பலகை வந்தது பிறகு.

அந்தச் சாலை எங்கட வீட்டுப் பக்கத்தால்தான் போகுது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பாலத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்து நானும் நின்றேன். மைனஸ் 15 இருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் தன்ர கையுறையில் ஒன்றைக் கழற்றி எனக்குத் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கார்கள் வந்தன, கறுப்பு வண்டியின் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் கை அசைத்தது தெரிந்தது. அது யாரென்று இன்றைக்கும் தெரியாது. நான் பிறந்த மண்ணில் செத்தவரை நினைக்கிறதே பெரிய சிக்கல், அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆனால் அண்டைக்கு அந்தப் பாலத்தில் நிண்டபோது எனக்கு எல்லாரும் ஞாபகம் வந்தார்கள்.

மேடை, மைக் ஒன்றும் இருக்கவில்லை எண்டதைச் சொல்லத்தான் எழுதினேன், தம்பி.

---

குவார்ட்டர்ஸ் எண் 14

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் ஒரு படைவீரரின் மனைவி. ஒன்பது வருஷம் ஆகிறது.

முதலாம் ஆண்டு எங்கள் ஊரிலும் பெரிய விழா. என்னை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அட்டையில் பெரிதாகச் செய்த காசோலையை நான்கு தடவை கொடுத்தார்கள். முதல் தடவை போட்டோ சரியாக வரவில்லையாம். பேசுகிறவர் ஒவ்வொருவரும் என் பக்கம் திரும்பி, நான் அழுகிறேனா என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். என் பையனுக்கு நான்கு வயசு. சின்னச் சீருடை தைத்துப் போட்டு, சல்யூட் அடி, சல்யூட் அடி என்றார்கள். அவன் பயந்துபோய் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். குத்துவிளக்கு ஏற்றும்போது என்னிடம் மெழுகுவர்த்தியை நீட்டினார் ஒரு பிள்ளை. பின்னாலிருந்து ஒரு பெரியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, 'அது வேணாம்ப்பா, வேற யாராவது சுமங்கலியா' என்றார். மைக்கில் அது கேட்டுவிட்டது. என் கணவருக்கு ஏற்றுகிற விளக்கு.

ஏரிக்கரையான் தம்பி, அந்தப் பெண்ணிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியாது. என்ன வேண்டாம் என்று கேளுங்கள், உடனே சொல்வார். அப்புறம் விளக்கு ஏற்றுவதாக இருந்தால் அவர்தான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் விளக்கே வேண்டாம்.

---

பாலாற்று மணல்

அக்கா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. டீ-ஷர்ட், ட்ரோன் எல்லாம் சொன்னவன் நான்தான். வாபஸ்.

---

ஏரிக்கரையான்

அக்கா சொன்னபடியே நேற்று போய்க் கேட்டேன். அவன் மனைவி யோசிக்கவே இல்லை. மேடை வேண்டாம், கட்சிக்காரர் வேண்டாம், சாதிச் சங்கம் வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவன் உடல் வந்த அன்றே ஒரு கூட்டம் 'எங்கள் இனத்தின் வீரன்' என்று ஃபிளெக்ஸ் கட்டிவிட்டது. பெட்டியைத் தூக்கிவந்த எட்டுப் பேரும் எட்டு ஊர், யார் என்ன ஆள் என்று யாருக்குத் தெரியும். இந்த முறை எந்த ஃபிளெக்ஸும் கிடையாது. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து சுபஸ்ரீ என்ற பெண் இறந்ததிலிருந்தே எனக்கு அது ஆகாது, இப்போது சொல்ல ஒரு காரணமும் கிடைத்தது.

தூரம் எவ்வளவு என்று கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். அதற்குப் பதில் அவன் அம்மாதான் சொன்னார்கள், தெரிந்து சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது, 'விடியக்காத்தால ஏரிக்கரையில ஓடிட்டு வந்து மோர் கேப்பான்' என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடினால் முழு மதிப்பெண். எங்கள் ஏரியில் மதகிலிருந்து கோடி வரை சரியாக 800 மீட்டர், அவனே கயிறு பிடித்து அளந்தான், நான் மறுமுனையைப் பிடித்தேன். போய்த் திரும்பினால் 1.6. இரண்டு வருஷம் தினமும் ஓடினான். முதல் முகாமில் ஓட்டத்தில் தேறிவிட்டு மார்பளவில் போனான். 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சிழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். இவனுக்கு மூன்றுதான் விரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் மறுபடியும் கரையில் நின்றான். அடுத்த முகாமில் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் நடை மதகில் தொடங்கி, கோடி வரை போய், மதகுக்கே திரும்பும். காலை ஐந்தரை மணி. 1.6 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு அடி கிடையாது.

---

ஓய்வு சுபேதார்

இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு யோசனை. வரிசையாக, இடது ஓரமாகப் போங்கள். கோடியில் திரும்பி வருகிறவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் எதிரே வருவார்கள். பேச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கரை அகலம் எவ்வளவு? வயசானவர்களுக்கு மதகுகிட்ட நாற்காலி போட்டுவிடுங்கள். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

---

திருச்சிக்காரி

இது இருபதாவது வருஷமும் நடக்கும்.

---

ஏரிக்கரையான் (ஐந்து வாரம் கழித்து)

முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். எண்ணவில்லை, ஆனால் முதல் ஆள் கோடியில் திரும்பும்போது கடைசி ஆள் மதகிலிருந்து புறப்படவே இல்லை. சுபேதார் ஐயா இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். பக்கத்து ஊர்களிலிருந்து முன்னாள் வீரர்கள் பதினோரு பேர், எல்லோரும் மெடலோடு. ஸ்டேஷனில் இருந்து ஒரு ஏட்டு அனுப்பினார்கள், அவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடவே நடந்தார்.

கல்வெட்டுக் கிறுக்கன் சொன்ன ஐந்து வரியை அவனுக்குப் பாடம் எடுத்த கணக்கு வாத்தியார் வாசித்தார். அதில் ஆறாவதாக ஒரு வரி நாங்கள் சேர்த்தோம்: 'இந்தக் கரையை 800 மீட்டர் என்று அளந்தவன்.'

விளக்கை அவன் மனைவிதான் ஏற்றினார். அகல் விளக்கு, மதகுக் கல் மேலே. காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை மணல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். (ஆமாம், இந்த இழையில் எழுதிய அதே பாலாற்று மணல்தான். ஆம்பூரிலிருந்து பைக்கில் வந்தார்.)

பேச வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. திரும்பி வரும்போது எதிரே வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. சண்டை போட்டு ஆறு வருஷமாகப் பேசாத என் பெரியப்பா எதிரே வந்தார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அவன் அம்மா நடக்கவில்லை. வீட்டில் இருந்துவிட்டார்கள். எல்லோரும் மதகுக்குத் திரும்பி வந்தபோது இரண்டு பெரிய அண்டா மோரோடு அங்கே நின்றார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. யார் தூக்கி வந்து வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர்களே ஊற்றிக் கொடுத்தார்கள். கடைசியாக நின்ற பொடியன்கள் நான்கு பேரிடம், 'எவ்ளோ நிமிஷம்டா?' என்று கேட்டார்கள். நடைக்கு யார் நேரம் பார்ப்பார்கள்? ஒருவன் மட்டும் வாட்சைப் பார்த்து, 'இருபத்தி மூணு, ஆயா' என்றான். 'அவன் அஞ்சேகால்ல வருவான்' என்றார்கள்.

---

குவார்ட்டர்ஸ் எண் 14

படித்தேன் தம்பி. அவர் எண்ணைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

---

கம்பம் பள்ளத்தாக்கு

எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார், 2001. இத்தனை வருஷம் யாரும் எதுவும் செய்யவில்லை. ஏரி கிடையாது, வாய்க்கால் கரைதான். காவல் நிலையத்துக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா? அப்புறம் இரண்டு அண்டா மோர் எத்தனை பேருக்குப் போதுமானதாக இருந்தது?

---

ஏரிக்கரையான்

மனு நகல் தனிமடலில் அனுப்பிவிட்டேன். மோர் பற்றவில்லை, கடைசியில் தண்ணீர் ஊற்றினோம். மூன்று அண்டாவாக வைத்துக்கொள்ளுங்கள்.